கருவேலங்கோட்டையின் வாசல்

கருவேலங்கோட்டை என்பது கணினியில் ஆடும் ஒரு விளையாட்டு. அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஆடுகிறவர் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த வேடத்துக்கு உரியதைப் பேசி, உரியதைச் செய்து, கோட்டைக்குள் வாழ வேண்டும். மாலை ஆறு முதல் ஒன்பது வரை கோட்டை திறந்திருக்கும்.

அதை உண்டாக்கியவர் நஸீமா. காயல்பட்டினத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். வயது முப்பத்து மூன்று. நிர்வாகத்தை ஏற்கிறவர் முதல் ஓராண்டு தன்னிடம் சீடராக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அப்படி வந்தவர் காரைக்குடி வள்ளியப்பன். தொலைபேசித் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று.

வாயிற்காவலர் வேடம் இசக்கியப்பனுடையது. வள்ளியூரில் லாரி ஆபீஸ் குமாஸ்தா. ஒன்பது ஆண்டுகளாக வாசலில் நின்றவர். வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்பார். யார்? எங்கிருந்து? கையில் என்ன? பதில் பிடிக்காவிட்டால் உள்ளே விடமாட்டார். ராஜா வேடக்காரரையே நாற்பத்தொரு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வள்ளியப்பன் ஒரு மாதம் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஒருவர் வாசலில் நிற்கும் நேரம் சராசரி நான்கு நிமிடம். புகார்கள் பதினேழு. கதவு தானாகத் திறக்கும்படி ஒரு நிரல் எழுதினார். இசக்கியப்பனுக்குக் கௌரவக் காவலர் என்று பட்டம் கொடுத்து நன்றிக் கடிதமும் அனுப்பினார்.

முதல் வாரம் நாளுக்கு அறுபத்தெட்டு பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் ஐம்பத்திரண்டு. மூன்றாம் வாரம் நாற்பது. நான்காம் வாரம் முடிந்த சனிக்கிழமை, முப்பத்தொன்று.

ஒரு நாளாவது முப்பது பேருக்குக் குறைவாக வாசலுக்கு வந்தால் கோட்டையை மூடிவிடுவோம் என்பது இணையத்தில் இடம் கொடுத்தவர்களின் நிபந்தனை.

ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வள்ளியப்பன் நஸீமாவுக்குப் போன் செய்தார். மறுமுனையில் தையல் மெஷின் ஓடி நின்றது.

"ஆசானே, நிக்க வெச்சப்போ ஒன்பது வருஷம் இருந்தாங்க. நிக்க வேண்டாம்னதும் போறாங்க. ஏன்?"

"இன்னைக்கு நீங்க வாசல்ல நின்னு பாருங்க சார்."

"கதவு தானா திறக்குமே?"

"அந்த நிரலை எடுத்துடுங்க. நிர்வாகியோட சாவி மட்டும் உங்ககிட்ட இருக்கட்டும்."

ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு மிளகுக்காரி வந்தாள். நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கும் ஜெஸிந்தாவின் வேடம் அது.

"யார்? எங்கிருந்து? கையில் என்ன?" என்று வள்ளியப்பன் கேட்டார்.

"மிளகுக்காரி. மேற்கு மலையிலிருந்து. கூடையில் மிளகு. அடியில் ஒரு தேள். பெயர் செல்லம்மா. கடிக்காது."

வள்ளியப்பன் கதவைத் திறந்தார். அவள் நகரவில்லை.

"அவ்வளவுதானா?"

"சரியான பதில்தானே?"

"தேளைப் பார்க்க வேண்டாமா?"

"கடிக்காதுன்னு நீங்களே சொன்னீங்களே."

"இசக்கியப்பன் அண்ணாச்சியா இருந்தா கூடையைக் கவிழ்த்திருப்பார். மிளகை ஒண்ணொண்ணா பொறுக்க வெச்சிருப்பார். டூட்டி முடிஞ்சு பஸ்ல ஒண்ணேகால் மணி நேரம். அவ்வளவு நேரமும் யோசிச்ச தேள் சார் இது."



"தேள் நல்லா இருக்கு" என்றார் வள்ளியப்பன்.

"பார்க்காமலேயேவா?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பிப் போனாள்.

ஆறரை வரை இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அவர்களையும் வாசலில் மடக்கி நிறுத்த அவரால் முடியவில்லை. வள்ளியூருக்குப் போன் போட்டார்.

"இசக்கியப்பன், நீங்க வரணும்."

"நான் எதுக்கு சார்? கௌரவக் காவலர்னு எழுதிக் கொடுத்தீங்க. கௌரவமா வீட்டுல உட்கார்ந்திருக்கேன்."

"தப்பு என்னோடது."

"கதவுதான் தானா திறக்குதே?"

"எடுத்துட்டேன்."



"வந்தா எல்லாரையும் நிறுத்துவேன். உங்களையும்."

"நிறுத்துங்க."

ஏழு மணிக்கு இசக்கியப்பன் வாசலுக்கு வந்தார். காவலை அவரிடம் கொடுத்துவிட்டு வள்ளியப்பன் உள்ளே போகப் பார்த்தார்.

"நில். யார்?"

"கோட்டையில் ஓலை எழுதுகிறவன்."

"எங்கிருந்து?"

"இங்கேதான் நின்றிருந்தேன்."

"கையில் என்ன?"

"ஒன்றுமில்லை."

"வெறுங்கையோடு வந்தவனுக்கு உள்ளே வேலையில்லை. தள்ளி நில்."

மறுபடி வாசலை எட்டிப் பார்த்த மிளகுக்காரியின் கண்ணில் இது பட்டுவிட்டது. நிர்வாகியையே அண்ணாச்சி நிறுத்திவிட்டார் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள். ஒருவர் பின் ஒருவராக வந்து வரிசையில் சேர்ந்தார்கள்.

வள்ளியப்பன் மறுபடி முன்னே வந்தார்.

"கையில் என்ன?"

"கோட்டையின் சாவி. நான் நிர்வாகி."

"நிர்வாகியை எனக்குத் தெரியும். அவர் முகம் இப்படி வெளிறியிருக்காது. சாவி திருட்டுச் சாவி. மூன்றடி பின்னால் போ."

வரிசையில் சிரித்தார்கள்.

"என்னை ஏழு தடவை திருப்பியிருக்கார்" என்றான் ஒரு குதிரைக்காரன்.

"ஏழுதானா? நான் நாற்பத்தொண்ணு. அதுவும் கிரீடத்தோட" என்றார் ராஜா.

மூன்றாம் முறை வள்ளியப்பன் யோசித்துவிட்டு வந்தார்.

"கையில் ஓலை."

"எழுதிய ஓலையா, வெறும் ஓலையா?"

"எழுதியது."

"படி."

வள்ளியப்பன் ஓலையில் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. மறுபடி தள்ளி நின்றார்.

ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஆசானுக்குத் தனியே செய்தி அனுப்பினார்.

"இருபத்திரண்டு நிமிடமாக வெளியே நிற்கிறேன். மூன்று பதிலும் செல்லுபடியாகவில்லை. என் பின்னால் நாற்பத்து மூன்று பேர்."

"யாராவது போயிட்டாங்களா?"

அவர் மறுபடி எண்ணினார்.

"இல்லை. இரண்டு பேர் கூடியிருக்கிறார்கள். நாற்பத்தைந்து."

"நிர்வாகியோட சாவி உங்ககிட்டதானே இருக்கு சார். ஒரு விரலால அமுக்கினா கதவு திறந்துடும். நீங்க ஏன் இன்னும் வெளியே நிக்கிறீங்க?"

வள்ளியப்பன் ஓலையை எழுதிக்கொண்டிருந்தார்.