மாலை போட்ட டிரில்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே உதிரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

மின்கம்பம் ஏற மறுத்துவிட்ட மலை அது. உச்சியில் தவமணி அம்மையின் ஆசிரமம். தேனீப் பெட்டி செய்வதுதான் அங்கே தவம். சூரியத் தகட்டில் சார்ஜ் ஏறும் பேட்டரி டிரில் ஒன்றுதான் சொத்து. அம்மைக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் அம்பலவாணருக்கு அறுபத்திரண்டு. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவர் தாடியில் சிட்டுக்குருவி இரண்டு முறை குஞ்சு பொரித்திருக்கிறது.

அம்மையின் பொறுமையைத் தின்று தீர்த்தவர் அவர் ஒருவர்தான். பேட்டரியைக் கழற்றாமலே துளைபோடும் பிட்டை மாற்றுவார். ஈரத்துணியால் துடைப்பார். ஒருநாள் உச்சிவெயிலில் பேட்டரியைப் பாறைமேல் வைத்துவிட்டு, "சூரிய பகவான் நேராவே ஏத்திடுவார்" என்றார். அது பூசணிக்காய் அளவுக்கு வீங்கிப்போனது. பிறகு மிஞ்சிய பேட்டரி ஒன்றே ஒன்று.

ஆயுத பூஜை அன்று காலை அம்மையின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, கோபம் என்னை விட்டுப் போய்ப் பதினோரு நாளாச்சு. இன்னைக்கே காவி குடுத்துடுங்க."

"போயிடுச்சா?"

"சுவடே இல்லை."

"பூஜை முடியட்டும், சொல்றேன். டிரில்லை நல்லாத் துடைச்சுப் பலகைமேல வைங்க. பேட்டரியைக் கழற்றிட்டு."

"நான் சுவிட்சையே தொடமாட்டேன் அம்மா."

"நான் சுவிட்சைப் பத்திப் பேசலை."

"அது பாட்டுக்குச் சும்மா கிடக்கப்போகுது..."

"அம்பலவாணரே, இது நாற்பதாவது தடவை. கழற்றுங்க!"

"சரிம்மா, சரிம்மா."

அவர் இரண்டு முறை சரி என்றால் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். அது அம்மைக்கும் தெரியும். ஆனால் பொங்கல் அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டு அம்மை அடுப்படிக்கு ஓடினார்.

திரும்பி வந்து பார்த்தால், டிரில்லின் காற்றுத் துளையெல்லாம் சந்தனம். முனையில் பிட். அடியில் பேட்டரி, வைத்தது வைத்தபடி. அம்பலவாணர் அதன்மேல் குனிந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, கழற்றச் சொன்னேனே!"

"ஒரே ஒரு முடிச்சு அம்மா."

மாலை நாரைக் கைப்பிடியோடு சேர்த்து இழுத்தார். நார் சுவிட்சை அழுத்தியது.

டிரில் உறுமியது. பூவைச் சுருட்டியது. சுருட்டச் சுருட்ட நார் இறுகியது. நார் இறுக இறுக வேகம் கூடியது. பூ தீர்ந்ததும் தாடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது.

அம்பலவாணர் டிரில்லைத் திட்டினார். அதன் அப்பனைத் திட்டினார். மலைக் குரங்குகள் குட்டிகளின் காதைப் பொத்தின. தேனீக்கள் மூன்று நாள் பெட்டிப் பக்கமே வரவில்லை.

அம்மை பாய்ந்து பேட்டரியை உருவினார். டிரில் நின்றது. மூக்குக்கும் பிட்டுக்கும் நடுவே ஓர் அரிசி நுழையும் இடம் இருந்தது.

கத்தரிக்கோல் வந்து தாடி பாதியாகும்வரை அவர் திட்டை நிறுத்தவில்லை. பிறகு மூச்சு வாங்க முறையிட்டார்.

"சும்மா கிடந்ததும்மா அது! காலையிலேருந்து ஒரு அசைவு கிடையாது, ஒரு சத்தம் கிடையாது!"

அம்மை கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"நீங்களும் பதினோரு நாளா அப்படித்தானே இருந்தீங்க."

 

இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யாரென்று மட்டும் அம்பலவாணரிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள். தாடி இன்னும் முழுசாய் வளரவில்லை.