குளத்துக்குக் கீழே ஒரு குளம்

ஆவாரங்காட்டின் ஓரத்தில் ஒரு குட்டை இருந்தது. அதில் பனையேறி மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. பனையேறி என்றதும் பனைமரத்தில் ஏறி நுங்கு பறித்துப் போடும் என்று நினைத்துவிடாதீர்கள். பேர்தான் அப்படி. ஆனால் தரை மட்டும் ஈரமாக இருந்தால், செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையிலும் நகர்ந்து போகும். அந்தக் குட்டையில் வேறு எந்த மீனுக்கும் அந்த வித்தை வராது.

சித்திரை மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. குட்டை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. கரைக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய ஏரி. கோடை மழை ஒன்று பெய்து தரை நனைந்தால் போதும், அத்தனை மீன்களும் ஊர்ந்தே ஏரிக்குப் போய்விடலாம். அதற்காகத் தினமும் காலையில் தண்ணீரை ஒட்டிய ஈரச் சரிவில் ஏறி இறங்கிப் பழகுவது அவற்றின் வழக்கம். ஆனால் மழை வரும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே! சிக்கல் அங்கேதான்.

கரையில் ஒரு மடையான் கொக்கு நின்றது. பேர்தான் மடையான், ஆள் மடையன் இல்லை. பயந்த மீன் நிலைகொள்ளாமல் மேலே துள்ளும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

"ஐயோ, தண்ணி குறையுதே!" என்று ஒரு மீன் துள்ளும். லபக்!

"ஐயோ, அவனைக் கொக்கு தின்னுடுச்சே!" என்று இன்னொன்று துள்ளும். அதுவும் லபக்! கொக்குக்குத் தலையைக் குனிவதைத் தவிர வேறு வேலையே இல்லை.

அந்தக் கூட்டத்தில் செங்கண்ணி என்று ஒரு மீன் இருந்தது. அதற்கு ஒரே தங்கை, பேர் கருவாலி. கருவாலி சரியான பயந்தாங்கொள்ளி. ஒரு நாள் உச்சி வெயிலில் அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. இதோ துள்ளப் போகிறது! செங்கண்ணி பாய்ந்து வந்து தங்கையைத் துடுப்பால் அமுக்கியது.

"துள்ளாதேடி! உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன்."

"என்னக்கா?"

"இந்தக் குளத்துக்குக் கீழே இன்னொரு குளம் இருக்கு! அதுக்குப் பேரு அடிக்குளம்!"

"நிஜமாவா?"

"பின்னே? அங்கே தண்ணி இளநீர் மாதிரி இனிக்கும். கோடையே கிடையாது. அந்த ஊர்க் கொக்குங்க எல்லாம் பூச்செடி மாதிரி வேர் விட்டு நிக்கும். நாம பக்கத்துல போய் மூக்கை ஆட்டினாலும் அதுங்களால நகர முடியாது!"

கருவாலிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் நடுக்கம் நின்றது. பக்கத்தில் இருந்த மீன்களும் காதைத் தீட்டிக்கொண்டு வந்தன. மீனுக்கு ஏது காது என்று கேட்காதீர்கள். கதை நன்றாக இருந்தால் எல்லாருக்கும் காது முளைக்கும்.

அன்று முதல் உச்சி வெயில் வந்தால் செங்கண்ணி கதை சொல்லும். மீன்கள் பாசிக்கு அடியில் அசையாமல் படுத்துக் கேட்கும். ஒன்றும் துள்ளவில்லை. ஒன்றும் சாகவில்லை. கொக்கு எட்டு நாள் பட்டினி கிடந்தது.

கரைப் பொந்தில் வளையன் என்ற நண்டு இருந்தது. எதைக் கண்டாலும் நொட்டை சொல்லும். அதுவே, "பரவாயில்லையே! ஒரு பொய்யை வெச்சு ஒரு கூட்டத்தையே காப்பாத்திட்டியே!" என்று செங்கண்ணியைப் பாராட்டியது.

பட்டினி கிடந்த கொக்கு சும்மா இருக்குமா? அதுவும் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒன்பதாம் நாள் வாயைத் திறந்தது.

"செங்கண்ணியம்மா! நீங்க சொல்ற அடிக்குளம் நிஜந்தான்!"

"என்ன சொல்றீங்க மடையான் அண்ணே?"

"நேத்து சேத்துல அலகை விட்டுப் பார்த்தேன். அடியில ஜில்லுனு இருந்துச்சு! இன்னும் ஒரு சாண் தோண்டினா வந்துடும் போல. எதுக்கு மழைக்குக் காத்திருக்கீங்க? பாவம், அவ்வளவு தூரம் ஊர்ந்து போனா வயிறு தேஞ்சுடாதா?"

செங்கண்ணி அங்கேயே சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. தான் இட்டுக்கட்டிய கதைக்கு ஒரு கொக்கே சாட்சி சொன்னதும் அதற்குப் பெருமை தாங்கவில்லை. "ஒருவேளை இருந்தாலும் இருக்குமோ?" என்று யோசித்தது. சாயங்காலத்துக்குள் "இருக்கும்" என்றது. மறுநாள் "இருக்கு!" என்று அடித்துச் சொன்னது.

அவ்வளவுதான். சரிவில் ஏறிப் பழகுவதை மீன்கள் நிறுத்திவிட்டன. அடிக்குளத்தில் ஏது மேடு? எல்லாம் குட்டையின் நடுவில் கூடி, மூக்கால் சேற்றைத் தோண்டின. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று தோண்டியது கருவாலி.

வளையன் தலையில் அடித்துக்கொண்டது. "ஏம்மா செங்கண்ணி! அது நீ சொன்ன கதைதானே?"

"கதைதான். ஆனா மடையான் அண்ணனே பார்த்திருக்காரே!"

"மடையான் எதைப் பார்க்கும்? உன் முதுகைத்தான் பார்க்கும்! நான் பொந்து தோண்டுறவன், எனக்குத் தெரியும். இந்தக் குட்டைக்கு அடியில களிமண். அதுக்குக் கீழே வெறும் மணல். களிமண்ணை உடைச்சீங்கன்னா இருக்கிற தண்ணியும் மணலுக்குள்ள இறங்கிடும்!"

"உனக்கு எப்பவும் நொட்டைதான்!" என்று செங்கண்ணி திரும்பிக்கொண்டது.

மறுநாள் மதியம் களிமண் உடைந்தது. குபுகுபு என்று சத்தம். "அடிக்குளம் வந்துடுச்சு!" என்று மீன்கள் கூத்தாடின. வந்தது ஒன்றும் இல்லை, போனதுதான். தண்ணீர் சுழித்துக்கொண்டு கீழே இறங்கியது. மீன்களின் முதுகு வெளியே தெரிந்தது. கொக்கு நிதானமாக நடந்து வந்து, கண் எதிரிலேயே மூன்று மீன்களை விழுங்கியது.

செங்கண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ! என் வாயாலேயே கெடுத்துட்டேனே!" என்று அது கதறியது.

அதே நேரம் இடி இடித்தது. பேய்க்காற்று வீசியது. சடசடவென்று கோடை மழை கொட்டியது. காற்றில் கொக்கால் நிற்க முடியவில்லை. நனைந்த இறகோடு ஆவாரம் புதருக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது.

வளையன் கத்தியது. "ஏறுங்க! மேலே ஏறுங்க! மழை விட்டா தரை காஞ்சுடும். கொக்கும் வந்துடும்!"

மழைத் தண்ணீர் குட்டையில் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே ஓட்டை வழியே இறங்கியும் போனது. ஆனால் ஒரு மீனும் கரைப் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் போன இடத்தில்தான் அடிக்குளம் என்று நம்பி, ஓட்டையைச் சுற்றி மும்முரமாகத் தோண்டிக்கொண்டிருந்தன.

"நிறுத்துங்க! அடிக்குளம் கிடையாது! நான் சும்மா சொன்னது!" என்றது செங்கண்ணி.

"பார்த்தீங்களா! கண்டுபிடிக்கிற நேரத்துல அடிக்குளத்தைத் தானே வெச்சுக்கப் பார்க்குது!" என்றது ஒரு தடித்த மீன்.

"கருவாலி, நீயாவது வாடி!"

கருவாலி சேற்றுக்குள் பாதி உடம்பைப் புதைத்திருந்தது. "போக்கா! மேலே போனா எனக்குப் பயமா இருக்கும். அடிக்குளத்துலதான் பயம் கிடையாதுன்னு நீதானே சொன்னே!" என்றது.

செங்கண்ணிக்கு உயிரே போய்விட்டது. இழுத்துப் பார்த்தது, வரவில்லை. மழை சற்றுக் குறைந்தது. புதருக்குள் கொக்கு தலையை நீட்டிப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. வேறு வழி? தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தது செங்கண்ணி.

"அட மண்டுகளா! அடிக்குளம்னா என்ன அர்த்தம்னு நினைச்சீங்க?" என்று உரக்கக் கேட்டது.

"அடியில இருக்கிற குளம்!"

"அதான் தப்பு! அடி எடுத்து வெச்சுப் போற குளம்! எண்ணி ஆயிரம் அடி! நான் பாதிதான் சொன்னேன். அதுக்குள்ள அவசரப்பட்டுத் தோண்டிட்டீங்க!"

மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அட, ஆமாம்ல!" என்றது ஒன்று. கருவாலி சேற்றிலிருந்து தலையை உருவியது. "முதல் அடி எங்கேக்கா?"

"இதோ, இந்தச் சரிவு! செவுளை ஊன்று! ஏறு!"

கருவாலி ஏறியது. அதன் பின்னால் மற்றவையும் ஏறின. பழக்கம் விட்டுப்போனதால் இரண்டு முறை சறுக்கி விழுந்தன, திரும்ப ஏறின. தடித்த மீனும் அதன் கூட்டாளிகள் இரண்டும் மட்டும் வரவில்லை. "இன்னும் ஒரு விரக்கடைதான்!" என்று தோண்டிக்கொண்டே இருந்தன.

வழி நெடுகச் செங்கண்ணி கதை சொன்னது. ஆனால் இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. எதிரே ஒரு கல் வந்தால், "இது கோட்டைச் சுவர், இடது பக்கமா சுத்து!" என்றது. மாட்டுக் குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால், "இது தண்ணீர்ப் பந்தல், ஒரு வாய் நனைச்சுக்கோ!" என்றது. தரையில் உரசி வயிறு எரிந்தது. முள் குத்தியது. கதை கேட்டுக்கொண்டே அவ்வளவு தூரத்தையும் கடந்துவிட்டன.

மழை விட்டது. பின்னால் குட்டையில் மூன்று தடவை அந்தச் சத்தம் கேட்டது. லபக்! லபக்! லபக்! செங்கண்ணிக்கு அழுகை பொங்கியது. அடக்கிக்கொண்டு ஏரிக்கரையின் கடைசி மேட்டில் தங்கையை முட்டி ஏற்றியது.

ஏரி கண்ணுக்கு எட்டிய மட்டும் பரந்து கிடந்தது. கலங்கல் தண்ணீர். ஓரத்தில் நாலைந்து எருமைகள் கழுத்தளவு ஊறிக்கொண்டிருந்தன.

"ஏக்கா, இதுவா அடிக்குளம்? எருமை மூத்திர வாடை அடிக்குதே!" என்று கருவாலி மூக்கைச் சுளித்தது.

"இல்லைடி. இது வெறும் ஏரி. ஆனா தண்ணி நிஜம். குதி!"

கருவாலி ஒரு கணம் தயங்கியது. பிறகு குதித்தது. எவ்வளவு கீழே போயும் தரை தட்டவில்லை!

கற்பனையில் கொஞ்ச நேரம் இளைப்பாறித் தெம்பு தேடிக்கொள்ளலாம். ஆனால் உயிர் வாழத் தண்ணீர் வேண்டுமென்றால், கண்ணைத் திறந்து நிஜமான ஏரிக்குத்தான் ஊர்ந்து போக வேண்டும்.