உம்மணாவின் மூடிய வாய்

மீனுக்கும் பாம்புக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆம்பல் பூத்த ஒரு குளத்தில் உம்மணா என்று ஒரு மீன் இருந்தாள். எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் குலவை அவள்தான் போடுவாள். போட்டால் தண்ணீருக்குள் வெயில் நெளியும். பாசியெல்லாம் தூக்கத்தில் சிரிக்கிற பிள்ளை மாதிரி அசையும். அவள் குலவை இல்லாமல் புறப்பட்ட பெண் வாழமாட்டாள் என்றே ஒரு பேச்சு.

தங்கச்சி சேலிக்குக் கல்யாணம் வந்தது. அன்று காலையில்தான் உம்மணாவின் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் தூசி தூசியாக மிதந்தன. கொஞ்சிக்கொண்டு இருக்கும்போதே தண்ணிப்பாம்பு தலை நீட்டியது. பெரிய மீன்களை அது தொடாது. குஞ்சுகள்தான் அதற்குத் தீனி. பெற்றவளுக்கு வேறு என்ன தோன்றும்? குஞ்சுகளை அப்படியே வாய்க்குள் வாரி, உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

பாம்பு விடவில்லை. விருந்தாளி போலக் கூடவே வந்து, ஆம்பல் இலைப் பந்தலடியில் சுருண்டு படுத்தது.

"அக்கா, குலவை போடு. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிட்டாங்க" என்றாள் சேலி.

உம்மணா தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்ன மதினி, வாயிலே கொழுக்கட்டையா?" என்று ஒரு கெண்டை சிரித்தாள்.

"போடு தாயி. எனக்கும் கேக்க ஆசையா இருக்கு" என்றது பாம்பு, இனிக்க இனிக்க.

உள்ளே குஞ்சுகள் கிச்சுக்கிச்சு மூட்டின. தொண்டை வரைக்கும் குலவை வந்து நின்றது. தங்கச்சியோ அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மணா இன்னும் இறுக்கி மூடினாள். கடைவாய் இரண்டும் கீழே இழுத்துக்கொண்டன.

"நான் நல்லா இருக்கப் போறது பொறுக்கலையா உனக்கு? மூஞ்சியைப் பாரு! சீ, உம்மணாமூஞ்சி!"

சேலி அழுதுகொண்டே வாய்க்கால் வழியாகப் போனாள். குலவை இல்லாமலே போனாள்.

பொழுது சாய்ந்ததும் பாம்பு சலித்துப்போய்க் கரையேறியது. உம்மணா வாயைத் திறந்தாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அம்மா அம்மா என்று ஆம்பல் தண்டைச் சுற்றின. இழுத்துக்கொண்ட கடைவாய் மட்டும் மேலே ஏறவே இல்லை. சேலி போன பக்கம் திரும்பிக் குலவை போட்டுப் பார்த்தாள். வெறும் குமிழிதான் வந்தது.

அன்று முதல்தான், சிரிக்காத முகத்தைக் கண்டால் உம்மணாமூஞ்சி என்று சொல்லிவிட்டு எல்லாரும் போய்விடுகிறோம். அந்த வாய்க்குள் எத்தனை குஞ்சு என்று யாரும் கேட்பதில்லை.