கருங்கால் கோழியும் கைராசிக்காரியும்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லிவிடுவேன். கதையில் வருகிற ஒருத்தியை ரொம்பவும் திட்டிவிடுவேன், அல்லது ரொம்பவும் பாவம் பார்த்துவிடுவேன். இரண்டுமே தப்பு. ஆனாலும் வீட்டில் நாலு கோழி வளர்க்கிறவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய கதை இது. பொறுத்துக் கேளுங்கள்.

மலைகளுக்கு யாரும் இன்னும் பெயர் வைக்காத காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. அந்த நாட்டு அரசருக்கு யானை மேல் ஆசை இல்லை. குதிரை மேல் ஆசை இல்லை. கோழி மேல்தான் ஆசை.

எல்லாக் கோழியும் இல்லை. கருங்கால் கோழி என்று ஓர் இனம். உடம்பு சாம்பல் நிறம், கால் அடுப்புக்கரி நிறம், கொண்டை துவரம்பருப்பு அளவு. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த ஊரில் கம்பு காய்ந்தது, மாடு மெலிந்தது, கிணறு வற்றியது. கருங்கால் கோழி மட்டும் கல்லுக்கடியில் கரையானைக் கிளறித் தின்று முட்டையிட்டது. அந்த முட்டையைத் தின்றுதான் ஊர்ப் பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள்.

அதனால் அரசர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சேவலும் ஒரு பெட்டைக்கோழியும் கொடுத்தார். கூடவே ஒரு கட்டளையும் கொடுத்தார். "எந்த வீட்டுக் கோழிக்காவது வெள்ளைக்கழிச்சல் நோய் கண்டால், அந்த வீட்டார் வாசலில் வேப்பங்கொத்து கட்ட வேண்டும். நாற்பத்தெட்டு நாள் வேறு யார் வீட்டுக் கோழியையும் தொடக்கூடாது. அந்த வீட்டுக்குள் வேறு யாரும் போகக்கூடாது."

ஊரார் சரி என்றார்கள். கோழிகள் பெருகின.

வளர்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "அடைத்து வைத்தால் கத்தியே ஊரைக் கூட்டுது, முருங்கை மரத்தில்தான் உறங்குவேன் என்கிறது" என்றாள் ஒருத்தி. "பருந்து நிழல் தரையில் விழுந்தால் போதும், ஒரு குரல்தான் கொடுக்கும், அத்தனை குஞ்சும் புதருக்குள் போயிடும்" என்றார் ஒருவர். "அடையில் இருக்கும்போது கிட்டப் போனால் என் மாமியாரைவிட மோசமாகக் கொத்துது" என்றாள் இன்னொருத்தி. மாமியார் பக்கத்தில்தான் இருந்தாள். "கொத்தியும் நீ திருந்தலையேடி" என்றாள்.

அந்த ஊரில் நல்லக்காள் என்று ஒரு பெண் இருந்தாள். கணவனை இழந்தவள், பிள்ளையும் இல்லாதவள். பந்தக்கால் நடும்போது அவளை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். விதைக்கூடையை வெளியே எடுக்கும்போது ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள்.

ஆனால் ஒரு வீட்டில் கோழி அடைக்கு உட்கார்ந்தால், முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் கை வைத்த முட்டை அத்தனையும் பொரித்தது. ஒன்பது வைத்தால் ஒன்பது, பதினொன்று வைத்தால் பதினொன்று. அவள் வந்து கூடையில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை ஒற்றைப்படையாக அடுக்கி, கோழியைத் தூக்கி மேலே உட்கார வைப்பாள். வீட்டுக்காரி அவளுக்கு மஞ்சள் தண்ணீர் கொடுத்துக் கை கழுவச் சொல்வாள். அந்த ஒரு நாழிகை மட்டும் நல்லக்காள் அந்த ஊரில் ஒரு மனுஷி.

குயவர் செங்கோடன் கேலிக்காரர். "நல்லக்கா, என் பெண்டாட்டி வைத்தால் கூமுட்டை. நீ வைத்தால் குஞ்சு. அவள் கையை எடுத்துவிட்டு உன் கையை ஒட்டிக்கலாமா?" என்பார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "முதலில் உன் வாயை எடுத்துவிட்டு வேற வாயை ஒட்டு" என்பாள். நல்லக்காள் அதைக் கேட்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போவாள்.

பங்குனி மாதம் வந்தது. வெயில் ஏறியது.

ஒருநாள் காலை நல்லக்காளின் மூத்த கோழி தீனிக்கு வரவில்லை. சுவரோரம் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளை எச்சம். உச்சிவெயில் ஏறுவதற்குள் கழுத்து முறுக்கிக்கொண்டு செத்தது.

நல்லக்காளுக்குத் தெரிந்துவிட்டது. வேப்பமரம் வாசலிலேயே நின்றது. ஒரு கொத்து ஒடிக்கக் கையைத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது. 'கைராசிக்காரி வீட்டுக் கோழியே செத்தது என்று ஊர் சொல்லும். அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?' என்று நினைத்தாள். கோழியை ஆமணக்குச் செடியடியில் புதைத்தாள். மற்றக் கோழிகளைக் கூடை கவிழ்த்து மூடினாள். கேட்டவர்களிடம், "பருந்து சுற்றுது" என்றாள்.

அன்றே ஊர்த்தலைவர் ஒண்டியப்பர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறதாம். 'செத்தது ஒன்றுதானே' என்று நல்லக்காள் போனாள். பதினொரு முட்டை வைத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் அவள் வீட்டில் இரண்டு கோழிகள் செத்திருந்தன.

மூன்றாம் நாள் செங்கோடன் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். 'கையைத்தான் நன்றாகக் கழுவிவிட்டேனே' என்று போனாள். ஒன்பது முட்டை வைத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் அவள் வீட்டில் நான்கு செத்திருந்தன.

ஐந்தாம் நாள் வீராயி வந்து நின்றாள். தை மாதம்தான் அந்த ஊருக்கு மருமகளாக வந்த பெண். தாய்வீட்டுச் சீராக அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு கருங்கால் கோழி. "அத்தை, என் கோழியும் அடைக்கு உட்கார்ந்திடுச்சு. இந்த ஊரில் எனக்கென்று இருப்பது அது ஒண்ணுதான். உங்கள் கையாலே வையுங்க" என்றாள்.

நல்லக்காள் அவள் முகத்தைப் பார்த்தாள். 'இன்று போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள்' என்று நினைத்தாள். போனாள். பதின்மூன்று முட்டை வைத்தாள். வந்து பார்த்தபோது அவள் வீட்டில் சாவதற்கு ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் அவளைத் திட்ட வேண்டும் போல எனக்கு வருகிறது. திட்டவில்லை. கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

சித்திரை பிறப்பதற்குள் ஒண்டியப்பர் வீட்டுக் கோழிகள் செத்தன. செங்கோடன் வீட்டுக் கோழிகள் செத்தன. வீராயியின் கோழி முட்டை மேலேயே செத்துக் கிடந்தது. பிறகு அந்தந்த வீட்டுக்கு அடுத்த வீடு, அதற்கும் அடுத்த வீடு. முருங்கை மரங்கள் வெறும் மரங்களாக நின்றன. அந்த ஆண்டு மழையும் இல்லை. முட்டையும் இல்லாத பிள்ளைகளுக்குக் கை கால் சூம்பியது. சில வீடுகளில் சிறிய குழிகள் தோண்டினார்கள். அவை கோழிக்குத் தோண்டிய குழிகள் இல்லை.

ஊர் கூடியது. நோய் எந்த வீட்டில் தொடங்கியது என்று கேட்டார்கள். கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாகும்வரை யார் வாசலிலும் வேப்பங்கொத்து கட்டியிருக்கவில்லை.

ஒருவர் சொன்னார், "வெளியூர்க் கோழி ஒன்று வந்ததே, அதிலிருந்துதான்." எல்லாரும் வீராயியைப் பார்த்தார்கள்.

"என் கோழி நல்லா இருந்தது" என்றாள் வீராயி. "அத்தை வந்து பார்த்தாங்களே, அவங்களைக் கேளுங்க."

ஒண்டியப்பர் திரும்பினார். "நல்லக்கா, கோழி விஷயம் உனக்குத் தெரியாததா? நீயே சொல். அவள் கோழி வரும்போதே சீக்காய் இருந்ததா?"

நல்லக்காள் தலை குனிந்து நின்றாள். ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டது.

"சீரா கொண்டுவந்தே? சீக்கைக் கொண்டுவந்தே!" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவள் தன் பிள்ளையைப் புதைத்தவள். வீராயியின் கணவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றே வீராயி கட்டிய சேலையோடு தாய்வீட்டுக்கு நடந்தாள். போகும்போது நல்லக்காளிடம், "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்று மட்டும் கேட்டாள்.

நாட்கள் போயின. சுற்றியிருந்த ஊர்களிலும் நோய் பரவி, கருங்கால் கோழியே இல்லாமல் போனது. அரண்மனையில் மட்டும் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் மிஞ்சின. அரண்மனைக்காரர்கள் இரண்டு முறை அடை வைத்தார்கள். இரண்டு முறையும் கூமுட்டை. மூன்றாம் முறையாகக் கோழி பதினொரு முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்தது. கோழிக்கும் வயதாகிவிட்டது; இதுவும் கெட்டால் அந்த இனம் அவ்வளவுதான்.

யாரோ அரசரிடம் நல்லக்காளின் கையைப் பற்றிச் சொன்னார்கள். ஆளை அனுப்பினால் மரியாதையில்லை என்று அரசரே புறப்பட்டார். ஒருவன் கையில் தவிடு நிரப்பிய பானை, அதற்குள் பதினொரு முட்டை. இன்னொருவன் கையில் கூடையோடு கோழி.

அரசர் ஊருக்குள் நடந்து வந்தார். ஊரே பின்னால் வந்தது. பந்தக்காலுக்கு ஒதுங்கி நிற்கச் சொன்னவர்கள் எல்லாம், "நல்லக்கா, அரசர் வந்திருக்கிறார், உன்னைத் தேடி வந்திருக்கிறார்" என்று கூவிக்கொண்டே வந்தார்கள்.

நல்லக்காள் வாசல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்நாளில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. இனி வரப்போவதும் இல்லை. கூடைக்குள் அந்தச் சாம்பல் நிறக் கோழி கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தது. அவள் காலடி மண்ணில்தான் ஏழு கோழிகளின் எச்சம் காய்ந்து கிடந்தது. அரசர் இன்னும் பத்தடி வைத்தால் வாசலுக்கு வந்துவிடுவார்.

"வராதீங்க!" என்று கத்தினாள். "சாமி, கோழியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போங்க. நோய் என் வீட்டில்தான் தொடங்கியது. நான் மறைத்தேன். மூன்று வீட்டுக்கும் என் கையால்தான் கொண்டு போனேன். வீராயி ஒரு பாவமும் அறியாதவள்."

பிள்ளையைப் புதைத்தவள், "அடிப் பாவி, என் கையாலேயே அந்தப் பெண் மேல் மண் தூற்ற வைத்தாயே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அரசர் கேட்டார். "இந்த முட்டைகளை இனி யார் கையால் வைப்பது?"

நல்லக்காள் அழுதுகொண்டே சொன்னாள். "நோய் படாத எந்தக் கையாலும் வையுங்க. முட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து, கீறல் விட்டதை எடுத்துவிடுங்க. வைக்கோல் காய்ந்திருக்கட்டும். கோழியைக் கிளப்பிக் கிளப்பிப் பார்க்காதீங்க. நான் செய்தது அவ்வளவுதான். என் கையில் ராசி என்று ஒன்றுமே இல்லை சாமி. கோழிதான் பொரிக்குது."

இத்தனை நாள் அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. அதைச் சொன்ன பிறகு அவளிடம் ஒன்றுமே மிஞ்சவில்லை.

அரசர் அவளைத் தண்டிக்கவில்லை. தண்டிக்க வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும். அவர் வந்த வழியே திரும்பினார். தன் கையாலேயே முட்டைகளை வைத்தார். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. இனம் பிழைத்தது.

வீராயியைக் கூட்டிவர அவள் கணவன் போனான். தனியாகத் திரும்பி வந்தான். அவள் சொல்லி அனுப்பியது இதுதான்: "மறைத்தது ஒருத்தி. நம்பியது ஊர் முழுக்க. நான் யாரை நம்பி வர?"

நல்லக்காள் தன் வீட்டுச் சாமான் ஒன்றையும் வெளியே எடுக்காமல் கூரைக்குத் தானே தீ வைத்தாள். ஆற்றில் முழுகி அக்கரைக்குப் போனாள். நாற்பத்தெட்டு நாளும் யார் அருகிலும் போகாமல் மணலில் கிடந்தாள். நாள் முடிந்த பிறகும் அவளுக்குப் பயம் போகவில்லை. ஊரைக் கண்டு பயமில்லை. மறுபடியும் யாராவது அன்பாக வந்து கூப்பிட்டால், தன் வாய் சரி என்று சொல்லிவிடுமே என்ற பயம். அதனால் கோழி என்ற பேச்சே இல்லாத சுண்ணாம்புக் காளவாயில் வேலைக்குச் சேர்ந்தாள். வெந்த சுண்ணாம்பை அள்ளி அள்ளி இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்தன. அந்தக் கையைப் பார்த்து ஒரு நல்ல காரியத்துக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தன் நல்ல பெயரைக் காப்பாற்ற ஒரு தீங்கை மறைக்கிறவர், அந்தத் தீங்கைத் தன் கையாலேயே வீடு வீடாகக் கொண்டுபோய் வைக்கிறார்.