தாலாட்டு தேடி வீட்டைச் சுற்றிய கதை

அரைக்கேணி என்று ஒரு ஊர். அந்தப் பேர் வந்த விதத்தைச் சொல்லிவிட்டால் ஊரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டாம். அங்கே ஒரு கிணறு வெட்டினார்கள். பாதி ஆழம் போனதுமே தண்ணீர் சுரந்து, பாடுபட்டு வெட்டின குழி முழுக்க நனைந்து பாழாகிவிட்டது. இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அப்படியே விட்டுவிட்டார்கள். தண்ணீர் இறைக்க வாங்கின நீளக் கயிறு மட்டும் வடமலை வீட்டு மூலையில் சும்மா கிடந்தது.

வடமலைதான் ஊருக்குப் பாட்டுக் கட்டுகிறவன். கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, அவன் பாட்டில்லாமல் நடக்காது. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டுதான், பேரை மட்டும் மாற்றுகிறான் என்று சிலர் சொல்வார்கள். பொறாமை பிடித்தவர்கள், விடுங்கள்.

அவனுக்கும் அவன் பெண்டாட்டி பவுனுக்கும் தலைப்பிள்ளை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே ஒரு தாலாட்டுக் கட்டி வைத்திருந்தான். கொஞ்ச காலம் பிள்ளையும் அதைக் கேட்டுத் தூங்கியது. அப்புறம் அதற்குப் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது. இவன் "ஆரா" என்று வாயைத் திறந்தாலே, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு வீறிட ஆரம்பித்தது.

புதுப்பாட்டுக் கட்டலாம் என்று உட்கார்ந்தால் கொட்டாவிதான் வந்தது. பவுனு கண்மூடி எத்தனை நாளாயிற்றோ, சோற்றில் ரசத்துக்குப் பதில் சீயக்காய்த் தண்ணியை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு, இன்றைக்குப் புளிப்புத் தூக்கல் என்றாள். பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்து அங்கேயே தங்கிவிட்ட அவளுடைய அண்ணன்கள் இருளப்பனும் சடையனும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். பிள்ளை தனியாக அழுகிறதே என்று பக்கத்தில் உட்கார்ந்து கூடவே அழுதார்கள்.

கடைசியில் பவுனு சொல்லிவிட்டாள்.

"இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள புதுப்பாட்டு வரலைன்னா பிள்ளையை நீயே வச்சுக்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு, அது பள்ளிக்கூடம் போற அன்னிக்கு வர்றேன்."

பவுனு மேல் வடமலைக்கு உசிர். அது ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டுமே என்று நினைத்தபோதுதான் பாட்டின் அவசரம் நிஜமாகவே புரிந்தது.

அந்த நேரம் பார்த்து, தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா பாட்டு எப்படி வரும்? எல்லாருமா வெளியில போயிட்டு வாங்க. நாலு காட்சியைப் பார்த்தா மனசுக்குப் புதுசா ஏதாவது தோணும். கைப்பிள்ளைக்காரங்க, வீட்டை விட்டு ரொம்ப தூரம் மட்டும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனாள். பாவம், தன் பாட்டுக்கு நல்லதைச் சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்றுதான் பார்க்கவில்லை.

மூன்று ஆண்களும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். தூரம் போகக்கூடாது, சரி. போய்க்கொண்டிருக்கும்போது தூரம் போய்விட்டோம் என்று எப்படித் தெரியும்?

"வீடு சின்னதாத் தெரிஞ்சா தூரம்" என்றான் சடையன்.

"நம்ம வீடு கிட்டத்துல பார்த்தாலே சின்னதுதானே மச்சான்" என்றான் வடமலை. அது நியாயமாகப் பட்டது.

இருளப்பன்தான் மூளைக்காரன். மாட்டை எப்படித் தூரம் போகாமல் வைத்திருக்கிறோம் என்று கேட்டான். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை வாசல் தூணில் கட்டினார்கள். மறுமுனையில் முதலில் வடமலை, அவனுக்குப் பின்னால் தோளில் தூளியாகக் கட்டின ஏணையில் பிள்ளையோடு பவுனு, அதற்கப்புறம் அண்ணன்மார் என்று இடுப்பில் வரிசையாகக் கட்டிக்கொண்டார்கள். புளிச்சோறு மூட்டை, தண்ணிக்குடம், குடை, பாய், மாற்றுத்துணி எல்லாம் ஏறியது. கதவைப் பூட்டி, சாவி தொலைந்துவிடக் கூடாதென்று பூட்டிலேயே தொங்கவிட்டுக் கிளம்பினார்கள்.

நேராகப் போனார்கள். முருங்கைமரத்தடியில் கயிறு விறைத்து நின்றது. எல்லாரும் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏதாச்சும் தோணுதா?" என்று பவுனு கேட்டாள்.

"சாம்பார் தோணுது" என்றான் வடமலை.

அதற்கு மேல் நேராகப் போகக் கயிறு விடவில்லை. பக்கவாட்டில் போகலாமே என்று திரும்பினார்கள். அப்படிப் போகப் போக வீட்டின் பின்பக்கம் வந்து சேர்ந்தார்கள். நாம்தான் அதை வீட்டின் பின்பக்கம் என்கிறோம். அவர்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது, அந்தப் பக்கம் அவர்கள் வந்ததும் கிடையாது. சன்னல் வழியாகக் கையை நீட்டிக் கொடியில் துணி போடுவதோடு சரி.

"யார் வீடுடா இது, சுவரைக்கூடப் பூசாம?" என்றான் இருளப்பன்.

பவுனு கொடியைப் பார்த்தாள். "கைப்பிள்ளை இருக்கிற வீடு போல. துணிகூட நம்ம பிள்ளை துணி மாதிரியே இருக்கு."

"எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இடத்துலதான் நனையும்" என்றான் சடையன்.

வடமலை அந்த வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. இந்த வீட்டுத் தகப்பன் எப்பேர்ப்பட்ட உதவாக்கரையாக இருக்க வேண்டும் என்று மற்ற மூவரும் விலாவாரியாகப் பேசினார்கள். பவுனு, அவனுக்கு வாக்கப்பட்டவள் பாவம் என்று உச்சுக்கொட்டினாள். முகம் தெரியாத அந்தத் தகப்பனை நினைத்து வடமலைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவனும் தூங்காமல்தானே கிடப்பான்? அவனைத் தட்டிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? நெஞ்சுக்குள் ஏதோ முனகுவது போலிருந்தது. "வருது, வருது, நடங்க" என்றான்.

நடந்தார்கள். முன்பக்கம் வந்தது, பூட்டின கதவைப் பார்த்து, இந்த வீட்டுக்காரர்கள் எங்கேயோ வெளியே போயிருக்கிறார்கள் என்றார்கள். மறுபடி பின்பக்கம் வந்தது, மறுபடி தகப்பனைத் திட்டினார்கள். சுற்றச் சுற்றக் கயிறு வீட்டைச் சுற்றிக்கொண்டே வந்து குறுகியது. இருளப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. நடக்க நடக்க வீடு கிட்டே வருகிற சுற்றுலா வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று கேட்டான். ஊட்டிக்குப் போனவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை என்பது உண்மைதான்.

கடைசியில் நாலு பேரும் பாய், குடம், குடையோடு சுவரில் முதுகு ஒட்டி இறுகிப் போய் நின்றார்கள். அசைய முடியவில்லை. சரியாக அப்போது வடமலைக்குப் பாட்டு முழுசாக வந்துவிட்டது. சூரியன் இன்னும் பனைமரத்துக்கு மேலேதான் இருந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். இவ்வளவு நேரம் ஏணையில் ஆடிக்கொண்டே வந்ததில் பிள்ளை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"தூங்குற பிள்ளைக்கு எப்படித் தாலாட்டுப் பாடுறது?" என்று வடமலை கலங்கினான். "நான் பாடித் தூங்குச்சா, தானாத் தூங்குச்சான்னு நாளைக்குக் கேள்வி வருமே."

பவுனுவும் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு பலிக்கிறதா என்று பார்க்காமல் தன்னால் முடிவு சொல்ல முடியாது என்றாள். அண்ணன்மாருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சடையன் குடத்தில் தாளம் போட்டான், இருளப்பன் குடையை விரித்து விரித்து மூடினான். பிள்ளை ரொம்ப நேரம் மசியவில்லை. கடைசியில் உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டி எழுப்பினார்கள். அது ஊரே கேட்கிற மாதிரி கத்தியது. வடமலை நிம்மதியாகப் பாட ஆரம்பித்தான்.

*ஆராரோ ஆரிரரோ, அந்த வீட்டு அப்பன் யாரோ*
*பூசாத சுவருக்குள்ளே பொழுதெல்லாம் அழுவாரோ*
*கொடி நிறைய ஈரத்துணி, கண் நிறையத் தூக்கமோ*
*கொட்டாவி விடுறவரை யார் தட்டித் தூங்க வைப்பாரோ*

இரண்டாம் தடவை பாடுவதற்குள் சடையன் சாய்ந்தான். அடுத்து இருளப்பன், அப்புறம் பவுனு. தன் பாட்டின் இனிமை தாங்காமல் வடமலையும் பாதி வரியில் தூங்கிப் போனான். கயிறு இருந்ததால் யாரும் விழவில்லை.

ஊசிப்பெட்டியோடு திரும்பி வந்த நர்ஸம்மா, சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டு நின்றபடி குறட்டை விடும் நாலு பேரையும், ஏணையில் அலறும் பிள்ளையையும் பார்த்து ஓடிவந்தாள். வடமலையை உலுக்கினாள். பிள்ளை இந்தக் கத்துக் கத்துகிறதே, தூங்க வைக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"எவ்வளவு பாடுபட்டு இப்பத்தான் எழுப்பினோம்" என்றான் அவன் கண்ணைத் திறக்காமல். "கொஞ்ச நேரமாவது முழிச்சிருக்கட்டும்."

பவுனு அரைத்தூக்கத்தில் சிரித்தாள். "பாட்டு ரொம்ப நல்லாருக்குய்யா. நான் எங்கம்மா வீட்டுக்குப் போகலை. பிள்ளைக்குத்தான் பிடிக்கலை போல. வேணும்னா அது அதோட அம்மா வீட்டுக்குப் போகட்டும்."

எல்லாருக்கும் அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. இருளப்பன் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து நர்ஸம்மாவைப் பார்த்தான்.

"நீங்க நாலு ஊரு போறவங்க. அதோட அம்மா வீடு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?"