ரெக்கை வைத்த கார்

ஒரு ஊரில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. வயசான கார். பல கை மாறிக் கடைசியில் திருமூர்த்தி கையில் வந்து விழுந்தது.

திருமூர்த்திக்கு ரேஸ் ஆசை. பெரிய ரேஸுக்குப் பெரிய பணம் வேண்டும், அதனால் ஆட்டோகிராஸுக்குப் பேர் கொடுத்தான். மைதானத்தில் ரப்பர் கூம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக அவற்றுக்குள் வளைந்து நெளிந்து ஓடவேண்டும். சீக்கிரம் முடிப்பவனுக்கு ஜெயம். வீட்டு வண்டியே போதும்.

பேர் கொடுத்த கையோடு பானெட்டைத் தட்டிச் சொன்னான்: “முழுசா ஓடி முடி, உன்னை நானே வெச்சுக்கறேன். இல்லேன்னா நேரா காயலான் கடை.”

கார் வெலவெலத்துப் போய்த் தன் ஆட்களைக் கூட்டியது. “இருக்கிறது கொஞ்சக் காசு. யாருக்கு என்ன வேணும், சொல்லுங்கப்பா.”

“எனக்குப் புது பேட் போட்டாப் போதும்,” என்றது பிரேக்.

“எங்களைப் பாரு, முடியிறக்கிட்டு வந்த மாதிரி இருக்கோம்,” என்றன டயர்கள்.

நியாயம்தான். ஆனால் காசு திருமூர்த்தியின் பையில் அல்லவா இருந்தது! அவன் கடைக்குப் போய் ஒரு ரெக்கையோடு வந்தான். சிவப்பு ரெக்கை, இஸ்திரி மேஜை அகலத்துக்கு. கடைக்காரனோடு அரை நாள் மல்லுக்கட்டிப் பாதி விலைக்கு முடித்தானாம். வேண்டாத சாமானைப் பாதி விலைக்கு வாங்குகிறவனைப் பார்த்தால் கடைக்காரன் அழுவது போல நடிப்பான். கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பான்.

ரெக்கை டிக்கிமேல் ஏறி உட்கார்ந்தது.

“நீ என்னய்யா வேலை பார்ப்பே?” டயர்கள் கேட்டன.

“காத்தைப் பிடிச்சு உங்களைத் தரையோட அமுக்குவேன். வேகம் மட்டும் நூறைத் தாண்டணும்.”

“இங்கே ஐம்பதைத் தொட்டாலே பெரிசு!”

“அது உங்க கஷ்டம்,” என்றது ரெக்கை.

போட்டி நாள். வண்டிகளைச் சோதிக்கிறவர் குனிந்து பார்த்தார். “டயர் தேய்ஞ்சிருக்கே தம்பி?”

“ரெக்கை இருக்குதுங்ண்ணா. அமுக்கிப் பிடிச்சுக்கும்.”

அவர் ரெக்கையைப் பார்த்தார், திருமூர்த்தியைப் பார்த்தார். “டயர்ல இன்னும் உள்கம்பி தெரியல, அதனால விடறேன். பார்த்துப் போ.”

ஓடுவதற்கு முன்னால் பாதையை ஒருதரம் நடந்து பார்ப்பது அங்கே வழக்கம். எல்லாரும் இறங்கி நடந்தார்கள். பக்கத்து வண்டிக்காரி ரேணுகா, வண்டியிலிருந்த காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ‘இடது, வலது, ரெண்டு விட்டு இடது’ என்று முணுமுணுத்தபடி திரும்பத் திரும்ப நடந்தாள்.

“நம்ம ஆளும் நடக்கட்டுமே,” என்று பிரேக் கெஞ்சியது.

“நடக்கிறதெல்லாம் வண்டி இல்லாதவன் பொழப்பு,” என்றது ரெக்கை. திருமூர்த்தி அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

கொடி விழுந்தது. கார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. முதல் வளைவு சரி. இரண்டாவதில் ஒரு கூம்பு உருண்டது. மூன்றாவதில் எங்கே பார்த்தாலும் கூம்பு.

“எந்தப் பக்கம்?” கார் அலறியது.

“இந்தப் பக்கம் இல்லடா மடையா!” கூம்புகள் கத்தின.

திருமூர்த்தி பிரேக்கை மிதித்தான். தேய்ந்த பிரேக் யோசித்துப் பிடித்தது. மொட்டை டயர்கள் வழுக்கின. கார் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு கூம்பை அடிவயிற்றில் செருகிக்கொண்டு, கிளம்பிய இடத்தைப் பார்த்தபடி நின்றது.

மைக்கில் சொன்னார்கள்: “வெள்ளைக் கார், பாதை தப்பிருச்சு. ஓடினது செல்லாது.”

ரெக்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ரேணுகாவின் வண்டி ஒரு கூம்பையும் தொடாமல் ஓடி முடித்துவிட்டுக் கூடையை மறுபடி ஏற்றிக்கொண்டது.

மறுநாள் காயலான் கடை. கடைக்காரர் சுத்தியலைத் தேடினார். கார் கடைசியாக ஒருதரம் திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்தது.

“வண்டி சரியில்லீங்க,” என்றான் அவன். “ரெக்கையை மட்டும் பதனமாக் கழட்டிக் குடுத்துருங்க. அடுத்ததுக்கு மாட்டணும்.”

தோளில் சாய்ந்து வீட்டுக்குப் போகும்போது ரெக்கை அவன் காதில் சொன்னது: “மனசை விட்டுடாதே. நம்ம ரெண்டு பேர் தகுதிக்கு ஏத்த வண்டி இன்னும் அமையல, அவ்வளவுதான்.”