இரண்டாவது கோல்காப்பாளன்

"அந்தப் பெஞ்சிலை எப்பிடியடா இவ்வளவு வருஷம் இருந்தனீ?"

துவாரகன் சப்பாத்தில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டவில்லை. நேரே நிமலன் வீட்டுக் குசினிக்குள் வந்து நின்று கேட்டான்.

நிமலன் மகளுக்கு இடியப்பம் ஊட்டிக்கொண்டிருந்தான்.

"இருங்கோ அண்ணை. தேத்தண்ணி குடிக்கிறியளே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

கனடாவில் ஒரு சின்ன நகரம். அதன் ஐஸ் ஹாக்கி அணியில் இரண்டு கோல்காப்பாளர்களும் தமிழர் என்பது ஊருக்கே வேடிக்கை. வலை துவாரகனுடையது. அவனுக்கு அடிபட்டால் இறங்குவதற்கென்று பெஞ்சில் இருந்தவன் நிமலன். துவாரகனுக்கு அடிபடவேயில்லை.

இந்த வருடம் ஏரிக் என்று ஒரு பெடியன் வந்தான். பாய்ந்து பாய்ந்து தடுத்தான். வலை அவனுக்குப் போனது. துவாரகன் பெஞ்சுக்குப் போனான். நிமலன் அணியில் இடமில்லாமல் வீட்டுக்கு வந்தான்.

"நாளைக்கு விலகிறன் எண்டு கோச்சுக்குச் சொல்லப்போறன்."

"சொல்லுங்கோ."

"தடுக்க மாட்டியோ?"

"தடுக்கிறது உங்கட வேலையெல்லோ அண்ணை."

துவாரகனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"நேற்று ஏரிக் எப்பிடி விளையாடினவன்?" என்று கேட்டான் நிமலன்.

"நான் பாக்கேல்லை. பாக்க ஏலாது."

"அப்ப பெஞ்சிலை என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? சும்மா இருந்தன்."

"கதவை ஆர் திறந்தது?"

"எந்தக் கதவை?"

நிமலன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"கடைசி நிமிஷத்திலை வலையை விட்டிட்டுப் பெஞ்சுக்கு ஓடி வருவியளே. ஒருநாளாவது பெஞ்சுக்கு முன்னாலை இருக்கிற அந்தக் கதவு பூட்டிக் கிடந்ததே, அண்ணை?"

துவாரகன் யோசித்தான். தலையைக் குனிந்து, முழு வேகத்தில் வருவான். ஒருநாளும் அவன் நின்றதில்லை. யார் திறக்கிறார்கள் என்று பார்த்ததுமில்லை.



பிள்ளை ஒரு துண்டு இடியப்பத்தை அவன் வாயருகே நீட்டியது. வாங்கிச் சாப்பிட்டான்.

"ருசியா இருக்கு," என்றான்.

மறுநாள் அவன் கோச்சிடம் எதுவும் சொல்லவில்லை. உடுப்பைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் போய் இருந்தான்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். அணி ஒரு கோல் பின்னால் நின்றது. அப்படியான நேரத்தில் கோல்காப்பாளனை வெளியே எடுத்துவிட்டு, கோல் அடிக்க இன்னொருவனை இறக்குவார்கள்.

கோச் கையைத் தூக்கினார்.

ஏரிக் வலையை விட்டுப் பாய்ந்து வந்தான். பெஞ்சுக்குள் விழுந்தான். துவாரகன் அவனைத் தாங்கிப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினான். பெடியனுக்கு மூச்சு வாங்கியது. துவாரகன் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தான்.

ஒரு மிடறு குடித்துவிட்டு ஏரிக் திரும்பிப் பார்த்தான்.

"கோச் கை தூக்கும் முன்பே கதவு திறந்திருந்ததே! நான் வரப்போகிறேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றான் துவாரகன்.